நகத்தில் தட்டுப்படாத பள்ளம்

மடு மாதாவின் ஆவணித் திருவிழா நெருங்கும் நாட்களில், யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு விரையும் வான்களை வடபகுதி வீதிகளெங்கும் நாம் காண்கிறோம். எனது அயலவர் ஒருவரும் அத்தகைய வான் ஒன்றின் உழைப்பிலேயே குடும்பத்தைக் காப்பவர். கடந்த ஆண்டு திருவிழாவுக்கு எட்டு நாட்களே இருந்த வேளையில், அவருடைய வான் வெண்புகை கக்கியபடி வீதியோரத்தில் நின்றுவிட்டது. ரேடியேட்டரில் நீர் இல்லை. எண்ணெய் பார்க்கும் கோலை இழுத்தபோது, பால் கலந்த கோப்பியின் நிறத்தில் எண்ணெய் வந்தது. ஹெட் கஸ்கெட் போய்விட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வேதனை யாதெனில், அந்தக் கஸ்கெட் நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. அதற்கு முந்தியதும் ஆறு மாதங்களைத் தாண்டவில்லை. “கஸ்கெட் போலியாக இருக்கும்” என்று வேலை செய்த கராஜில் கையை விரித்துவிட்டார்கள். போலி உதிரிப்பாகங்கள் நம் சந்தையில் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், இம்முறை அவர் தேடிச் சென்ற முதிய மெக்கானிக் கழற்றிய கஸ்கெட்டை வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தபின், “தம்பி, இதில் குற்றமில்லை. இதை வைத்த இடத்தில்தான் குற்றம்” என்றார். அந்தச் சொல்லின் பொருளை அறியும் ஆவலில் அன்று முழுவதும் அவருடைய கொட்டகையிலேயே தங்கிவிட்டேன்.

இயந்திரத்தின் அடிப்பாகம் சிலிண்டர் புளொக். அதன்மேல் மூடிபோல் அமர்வது சிலிண்டர் ஹெட். இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் மெல்லிய தகடே ஹெட் கஸ்கெட். எரியும் வாயு ஒருபுறம், ஓடும் நீர் ஒருபுறம், எண்ணெய் ஒருபுறம். ஒன்றோடொன்று கலந்துவிடாதபடி மூன்றையும் தடுத்து வைப்பது இந்தத் தகடுதான். இக்கால டீசல் இயந்திரங்களில் எரிவாயுவின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் நூறு மடங்கையும் தாண்டும். போதாக்குறைக்கு, புளொக் இரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் இருந்தால், சூடேறும்போது அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. ஒவ்வொரு முறை சூடேறிக் குளிரும்போதும் அவ்விரு தளங்களும் ஒன்றன்மேல் ஒன்று நுண்ணளவில் உராய்ந்து நகர்கின்றன. நடுவில் கிடப்பது அத்தனையையும் சகிக்க வேண்டும்.

முற்காலத்தில் இதற்குச் செம்புத் தகடுகளுக்கிடையில் கல்நார் வைத்த கஸ்கெட்டுகளே இருந்தன. அவை மென்மையானவை. தளத்தில் சிறு கீறலோ பள்ளமோ இருந்தாலும் அதற்குள் அமுங்கி நிரப்பிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த தொண்ணூறுகளில், ஒஸ்டின் ஏ40, மொரிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் தளத்தை எமரித் தாளால் தேய்த்து, பசை பூசி, கஸ்கெட்டை வைத்து இறுக்கினால் வண்டி ஓடியது. அது அந்தக் கஸ்கெட்டுக்குப் பொருந்திய வேலைதான்; நம் மெக்கானிக்குகளைக் குறை சொல்வதற்கில்லை. (அந்தக் கல்நார்த் தூசு சுவாசப்பைக்கு எவ்வளவு கேடானது என்பதை அன்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை. பழைய இயந்திரமொன்றைத் திறப்பவர்கள் இன்றும் அதை உலர்ந்தபடி சுரண்டலாகாது.)

இன்றைய வாகனங்களில் இருப்பதோ வேறு. அது பல அடுக்குகளாலான துருப்பிடிக்காத உருக்குத் தகடு; பெரும்பாலும் மூன்று அடுக்குகள். மேல் தகட்டிலும் கீழ்த் தகட்டிலும் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றி வயல் வரம்புபோல மெல்லிய புடைப்பு ஒன்று எழுப்பப்பட்டிருக்கும். ஹெட்டை இறுக்கும்போது அந்த வரம்பு வில்போல் அமுங்கி, எதிர்த்து நிற்கும். அதன்மேல் பூசியிருக்கும் இறப்பர் போன்ற படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 0.025 மில்லிமீற்றர். பள்ளத்தை நிரப்புவதற்கு இந்தக் கஸ்கெட்டிடம் உள்ளது அவ்வளவுதான். ஆகவேதான் இதைத் தயாரிப்போர், தளத்தின் கரடுமுரடு சராசரியாக 50 மைக்கிரோ அங்குலத்தைத் தாண்டலாகாது என்கின்றனர்; பலர் 30 அல்லது அதற்கும் குறைவாகக் கேட்கின்றனர். 30 மைக்கிரோ அங்குலம் என்பது ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தாலும் தட்டுப்படாத அளவு இது.

மெக்கானிக் எங்களைக் கழற்றிய ஹெட்டின் அருகே அழைத்தார். இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்கு நடுவே கண்ணாடிபோல் மினுங்கிய ஓரிடத்தைச் சுட்டிக்காட்டினார். வட்ட வட்டமான சுழல் கோடுகள் அங்கே தெரிந்தன. பழைய கஸ்கெட்டின் ஒட்டுதலை நீக்குவதற்கு, காற்றில் சுழலும் உராய்வு வட்டை யாரோ அவ்விடத்தில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். வேலை விரைவாக முடிந்திருக்கும். தளமும் பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்திருக்கும். ஆனால் அலுமினியம் மென்மையானது. ஒட்டுதலோடு உலோகத்தையும் வட்டு தின்றுவிட்டது. கஸ்கெட்டிலும் அதே இடத்தில்தான் வாயு கசிந்த கரிய தடம் இருந்தது.

“நானும் அப்படிச் செய்தவன்தான்” என்றார் அவர். சில காலத்துக்கு முன், லொறியொன்றின் தளத்தை இதே வட்டால் துப்புரவு செய்து பூட்டினாராம். கஸ்கெட் பிழைத்துக்கொண்டது; ஆனால் சில வாரங்களில் கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்து இயந்திரமே அழிந்துவிட்டது. அந்த நட்டத்தைத் தம் கையிலிருந்து செலுத்தியதாகச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது.

காரணம் என்ன? அந்த வட்டுகளில் இருப்பது அலுமினியம் ஒக்சைட்டு என்னும் மிகக் கடினமான துணிக்கை. உதிரும் தூள் எண்ணெய் வழிகளுக்குள் இறங்கினால், மென்மையான பேரிங் உலோகத்தில் பதிந்துகொண்டு, சுழலும் தண்டை அரம்போல் அராவும். 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், இத்தகைய வட்டுகளை இயந்திரத் தளங்களில் பயன்படுத்தலாகாதெனத் தன் சேவை நிலையங்களுக்கு அறிவித்தது. அந்த எச்சரிக்கை எத்தனை கராஜ்களின் வாசலை எட்டியிருக்கிறது என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

அப்படியாயின் எப்படித்தான் துப்புரவு செய்வது? அவர் செய்ததைக் கண்டேன். முதலில் சிலிண்டர்களையும் எண்ணெய், நீர்த் துவாரங்களையும் சுத்தமான துணியால் அடைத்தார். ஒட்டுதலைக் கரைக்கும் திரவத்தைத் தெளித்துவிட்டு, வெற்றிலை போடப் போய்விட்டார்! கால்மணி நேரம் கழித்து வந்து, இளகியிருந்ததை ஹெட்டில் பிளாஸ்டிக் சுரண்டியாலும், இரும்புப் புளொக்கில் படுக்கையாகப் பிடித்த சவர அலகாலும் நீக்கினார். போகாத இடத்தில் மீண்டும் திரவம், மீண்டும் காத்திருப்பு. ஓர் இடத்திலேனும் பலத்தைக் கூட்டவில்லை. இறுதியில், எண்ணெய்ப் பசை சிறிதும் எஞ்சாதபடி, விரைந்து ஆவியாகும் கழுவு திரவத்தால் துடைத்தார்.

பின்பு போல்ட் துளைகளுக்கு வந்தார். அடிமூடிய துளையில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது வெளியேற வழியின்றி அமுங்கி, புளொக்கையே பிளந்துவிடக்கூடும். பிளக்காவிட்டாலும், போல்ட் இறுகிவிட்டதாக முறுக்குவிசைக் கருவி பொய் சொல்லும். ஆதலால் ஒவ்வொரு துளையின் மரைகளையும் வெட்டாமல் துப்புரவு செய்யும் கருவியை ஓட்டி, காற்றடித்து, வெள்ளைத் துணி சுற்றிய குச்சியை விட்டுப் பார்த்தார். துணி வெள்ளையாகவே திரும்பும்வரை அடுத்த துளைக்குச் செல்லவில்லை.

எல்லாவற்றுக்கும் பின்னரே மட்டக்கோலை எடுத்தார். நீளவாக்கில், குறுக்காக, மூலைக்கு மூலையாக அதைத் தளத்தின்மீது வைத்து, அடியில் பீலர் கேஜின் மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்த்தார். அந்த இயந்திரத்துக்குரிய கைநூல் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீற்றர். புளொக்கில் 0.03 தகடுகூட நுழையவில்லை. ஹெட்டின் நடுவிலோ 0.10 தகடு தடையின்றி உட்சென்றது. எங்கள் மூவரிடையே சிறிது நேரம் பேச்சில்லை.

“அண்ணை, பெருநாளுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது. முற்பணமும் வாங்கிவிட்டேன். இந்த ஒரு தடவை பசையைப் பூசி வைத்துத் தாருங்கள், வந்த பிறகு முறைப்படி செய்வோம்” என்று அயலவர் மன்றாடினார். அவருடைய நிலையை அறிந்த எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே, “பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு இரவில் காட்டு வழியில் நிற்பதற்கா? முற்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், தம்பி” என்றார்.

அயலவர் திருப்பிக் கொடுத்தார். ஹெட் லேத் பட்டறைக்குச் சென்றது. அங்கே அதன் முகத்தை மயிரிழையளவு சீவினார்கள். ஸ்கிம் பண்ணுதல் என்பது இதுவே. ஹெட்டின் உயரம் கைநூல் குறிக்கும் எல்லைக்குக் கீழே போகலாகாது. போனால் வால்வுகள் பிஸ்டனை நெருங்கிவிடும். மற்றொன்றும் உண்டு. வளைந்த ஹெட்டின் அடிமுகத்தைச் சீவினாலும், மேலே கேம் தண்டு படுக்கும் இடங்கள் வளைந்தபடியே இருக்கக்கூடும். ஆகையால் தண்டை அதன் இடத்தில் பூட்டி, கையால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பார்த்த பின்னரே மெக்கானிக் ஹெட்டைப் பொறுப்பேற்றார்.

திருவிழா முடிந்த மூன்றாம் நாள் பூட்டும் வேலை நடந்தது. அயலவர் கஸ்கெட்டோடு ஒரு பசைக் குழாயையும் வாங்கி வந்திருந்தார். மெக்கானிக் அதை மறுக்கவில்லை. முன்புற மூடி புளொக்கோடு சேரும் இரு மூலைகளில், கைநூல் சொன்னபடி பயறளவு வைத்துவிட்டு, குழாயை மூடினார். கஸ்கெட்டின்மேல் ஒரு துளியும் பூசவில்லை. உலர்ந்த தளத்தில் உலர்ந்த தகடாகவே அதை வைத்தார். பழைய போல்ட்டுகள் ஏற்கெனவே நீண்டுவிட்டமையால் புதியவற்றையே எடுத்து, நடுவிலிருந்து வெளிப்புறமாக வரிசைப்படி, முதலில் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கும் பின்பு பாகைக் கணக்கிலும் இறுக்கினார்.

இரவு ஏழு மணியளவில் இயந்திரம் உயிர் பெற்றது. ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வைத்து, டோர்ச் வெளிச்சத்தில் மூவரும் நீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். இயந்திரம் சூடேறும்வரை நின்றோம். ஒரு குமிழியும் எழவில்லை.