ரைடு சிம்பல் வாங்கப் போகிறீர்களா? பில்லை விடாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி துணிப்பையில் சுற்றிய சிம்பலோடு வீட்டுக்கு வந்தார். கல்யாணக் கச்சேரிகளில் டிரம்ஸ் வாசிக்கிறவர். பையைப் பிரித்ததும் 20 அங்குல ரைடு. நடுத்துளை வட்டமாக இல்லை, ஒரு பக்கமாக இழுபட்டுச் சாவித்துவாரம் போல் இருந்தது. அங்கிருந்து மயிரிழை விரிசல் ஒன்று பெல் மீது ஏறியிருந்தது. வாங்கி ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. நாலாவது மாதமே விரிசல் விட்டுவிட்டது. அன்றிலிருந்து "வாரண்டியில் மாற்றிக்கொடுங்கள்" என்று இவர் கேட்க, "கம்பெனியில சொல்லியிருக்கேன்" என்று கடைக்காரர் இழுத்தடிக்க, காலம் ஓடிவிட்டது.

பில் எங்கே என்றேன். செல்போனை நீட்டினார். துண்டுத்தாளில் பேனாவால் எழுதிய தொகையை யாரோ படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். பணம் போனது கடையின் கணக்குக்குக்கூட அல்ல, கடைக்காரரின் சொந்த எண்ணுக்கு.

டிரம்மர்களிடம் இதே கதையைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஸ்டிக் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவர்கள், செட்டிலேயே அதிகம் அடிபடும் சிம்பலை ஐந்து நிமிடத்தில் வாங்கிவிட்டு வருகிறார்கள். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்காமல், கிடைக்காததைக் கேட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

முதலில் உலோகம். நல்ல ரைடுகளில் பெரும்பாலானவை நூற்றுக்கு 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த வெண்கலம். பி20 என்பது இதுதான், கோயில் மணி வார்க்கும் உலோகத்துக்குப் பக்கத்து உறவு. 92க்கு 8 என்று கலந்தால் பி8, அதிலும் நல்ல சிம்பல்கள் உண்டு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளைத் தட்டு பழகுவதற்கு மட்டுமே ஆகும். அதன் மேல் பெரிய நிறுவனத்தின் பெயரை மையால் அச்சடித்து வெண்கல விலைக்கு விற்பதுதான் மோசடி. ஜில்ஜியன் போன்ற நிறுவனங்களின் சிம்பலில் அச்சிட்ட மை தவிர, உலோகத்திலேயே அழுத்திப் பதித்த முத்திரையும் இருக்கும். விரல் நுனியால் தடவினால் தட்டுப்படும். தம்பியின் சிம்பலைத் தடவிப் பார்த்தேன். மழமழவென்று இருந்தது.

கடைக்குப் போகும்போது உங்கள் ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள். கடை ஸ்டிக்கின் கனம் வேறு, அதில் கேட்கும் ஒலியும் வேறு. முதலில் மெதுவாக, நடு உடம்பில் ஸ்டிக் நுனியால் ஒரு நிமிடம் விடாமல் வாசியுங்கள். ஒவ்வொரு அடியும் தனித்தனியாக 'டிங்' என்று கேட்கிறதா, அடியில் ஒரு இரைச்சல் எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடுகிறதா என்று கவனியுங்கள். வேகத்தைக் கூட்டினால் மட்டமான ரைடு அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது பெல். அதன்பின் ஓரத்தில் ஸ்டிக்கின் தோளால் ஒரு அடி. கடைசியாக, கூட வந்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு இருபது அடி தள்ளி நின்று கேளுங்கள். கூட்டம் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான்.

எடையும் பாருங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு போதும், கூச்சப்படாமல் எடுத்துப்போங்கள். 20 அங்குலத்தில் சுமார் 1,800 கிராம் என்றால் மெல்லியது, 2,500ஐத் தாண்டினால் கனமானது. கனமான ரைடு திறந்தவெளி மேடைக்குச் சரி. தகரக் கூரை போட்ட சின்ன ஜெபக்கூடத்திலோ கான்கிரீட் மண்டபத்திலோ அதை மாட்டினால் பாடுகிறவர் குரல் எழும்பாது, வாசிக்கிறவரின் காதும் கெடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்த அளவுப்படி 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம். பஞ்சு அடைப்பது காப்பாற்றாது, இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வேண்டும். கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்தபின்னும் காதுக்குள் 'கொய்ங்' என்று கேட்டால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்ச் செவித்திறன் சோதனை கேளுங்கள். போன கேட்கும் திறன் திரும்புவதில்லை.

இனி பில். சட்டப்படி அது உங்கள் உரிமை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம் என்று இருக்கிறது. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற முத்திரையைப் பார்த்துப் பயந்து திரும்பிவிடாதீர்கள்.

பில்லில் வெறும் "சிம்பல் 1" என்று எழுதினால் ஏற்காதீர்கள். நிறுவனம், மாடல், அங்குலம், பி20 வெண்கலம் என்ற சொல், சிம்பலில் வரிசை எண் இருந்தால் அந்த எண் எல்லாம் வேண்டும். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் வேண்டும். அது 15 இடம் கொண்டது, தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைத் தட்டினால் எந்தக் கடையுடையது என்று தெரிந்துவிடும். பணத்தைக் கடையின் கணக்குக்கே அனுப்புங்கள். தேவாலயத்துக்கோ குழுவுக்கோ வாங்கினால் பில் யார் பெயரில் என்பதை அன்றே முடிவுசெய்யுங்கள். சபை பெயரில் பில் இருக்க, டிரம்மர் தன் பெயரில் புகார் கொடுத்தால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

வீட்டில் மாட்டிய அன்றே ஸ்டாண்டைப் படமெடுங்கள். தண்டின் மேல் நைலான் ஸ்லீவ், மேலும் கீழும் ஃபெல்ட், சிம்பல் லேசாக அசையும்படி விங் நட். ஸ்லீவ் தேய்ந்துபோய் இரும்பு மரையின் மேல் சிம்பல் உரசினால் துளை சாவித்துவாரமாகும். எந்த நிறுவனமும் அதற்கு வாரண்டி தராது. நட்டை இறுக்கியதாலோ, தட்டையாக வைத்து ஓரத்தில் ஓங்கி அடித்ததாலோ விடும் விரிசலுக்கும் தரமாட்டார்கள். பதினைந்து மாதம் தம்பி கேட்டுக்கொண்டிருந்தது இந்தக் கிடைக்காத வாரண்டியைத்தான். அவர் கேட்டிருக்க வேண்டியது, "இன்ன நிறுவனத்து வெண்கலம் என்று சொல்லிப் போலியை விற்றீர்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று.

விரிசல் கண்டதும் வாசிப்பதை நிறுத்துங்கள். விரிசல் முனையில் துளையிட்டு மேலும் பரவாமல் தடுப்பது டிரம்மர்களிடையே பழைய வைத்தியம். புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதைச் செய்யாதீர்கள். பாலிஷ் போடாதீர்கள். கடைக்காரரிடம் ரசீது இல்லாமல் சிம்பலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். இதை மறுபடியும் சொல்கிறேன்: ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். உங்கள் கையிலிருக்கும் ஒரே பெரிய சாட்சி அந்தத் தட்டுதான்.

அடுத்து, முத்திரை, மை அச்சு, துளை, அடிப்பக்கம், தராசின் மேல் எடை எல்லாவற்றையும் படமெடுத்து, நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி "இது உங்கள் தயாரிப்பா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று எழுத்தில் ஒரு வரி வந்தால் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. இறக்குமதியான சிம்பலின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை இல்லையென்றால் அது தனிக் குற்றம். மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் தனியாக மனு கொடுக்கலாம்.

பிறகு கடைக்கு ஒரு அறிவிப்பு, பதிவு வசதியோடு ஸ்பீடு போஸ்ட்டில், சேர்ந்ததற்கான சான்றும் கேட்டு. வக்கீல் தேவையில்லை. வாங்கிய தேதி, தொகை, சொல்லி விற்றது என்ன, கிடைத்தது என்ன, 15 நாளில் பணம் வேண்டும் என்பவை ஒரு பக்கத்தில் அடங்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம், சில கடைகள் அதிலேயே வழிக்கு வரும். ஆனால் அந்த உதவி மையம் நீதிமன்றம் அல்ல, கடையைக் கட்டாயப்படுத்த அதற்கு அதிகாரம் இல்லை. அங்கே பதிந்துவிட்டோம் என்று கைகட்டி உட்கார்ந்தால் இரண்டு வருஷக் கெடு தன்பாட்டுக்கு ஓடும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் அந்த இரண்டு வருஷம்தான். பாதுகாப்புக்கு அதை வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம். புகார் மனு, தேதிவாரி விவரம், உறுதிமொழிப் பத்திரம், பில், பணம் செலுத்திய சான்று, அறிவிப்பின் நகல், தபால் ரசீது, படங்கள், நிறுவனத்தின் மின்னஞ்சல் என வரிசையாக எண் போட்டு வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைச் சேர்த்தால், பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்கான சான்றிதழையும் சேருங்கள். உலோகத்தைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. அதை மனுவிலேயே கேட்டுவிடுங்கள். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

ஒரு ஆணையத்தின் வாசலில் தெரிந்த டிரம்மர் ஒருவரை "வக்கீலோட வாங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, புகார்தாரர் தானே வாதாடலாம். காசில்லாதவனை வாசலிலேயே விரட்டுவதற்கா இந்த ஆணையங்களை வைத்தார்கள்? அப்படிச் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இன்னொரு பள்ளம். "இவர் தொழிலுக்காக வாங்கினார், நுகர்வோரே அல்ல" என்று கடைத் தரப்பு சொல்லும். சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்குகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. அதனால் மனுவின் முதல் பத்தியிலேயே "என் பிழைப்புக்காக, சுயதொழிலாக நானே வாசிப்பதற்கு வாங்கினேன்" என்று எழுதிவிடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால் தோற்றவர்கள் உண்டு. விட்டுவிடாதீர்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய தேதியிலிருந்து கணக்குப் போட்டால் அவருக்கு இன்னும் ஐந்து மாதம்கூட இல்லை. பில் இல்லாத குறைக்கு, பணம் யார் கணக்குக்குப் போனது என்ற விவரத்தை வங்கியில் முத்திரையோடு வாங்கச் சொன்னேன். கடைக்காரர் குரல் பதிவாக அனுப்பிய செய்திகளை அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம் என்றேன். நிறுவனத்துக்கான மின்னஞ்சலை என் மேஜையிலேயே உட்கார்ந்து அனுப்பினார். பதில் இன்னும் வரவில்லை. கடைக்கான அறிவிப்பு மட்டும் திங்கட்கிழமை தபாலில் போய்விட்டது, அதன் ரசீது அவருடைய ஸ்டிக் பையில் இருக்கிறது.