அடியில் கிடக்கும் சர்க்கரை

நந்தி மலையில் ஞாயிறு விடியற்காலையில் கூடும் பெங்களூர்த் தமிழர்கள் ‘பனி’ என்று சொல்வது மூடுபனியை. மார்கழிக் கோலத்தை நனைப்பதும் பனிதான், சியாச்சினில் ராணுவ முகாமைப் புதைத்ததும் பனிதான். நம் ஊருக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. ஆனால் டிசம்பர் வந்தால் இமயமலையில் கேதார்கந்தா, பிரம்மதால் என்று முதுகுப்பையோடு கிளம்பும் ஐ.டி. இளைஞர்களுக்கு அது போதாது.

2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் முகாமைப் பனிச்சரிவு மூடியது. புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியன்காரர்கள். நால்வர் தமிழ்நாடு, மூவர் கர்நாடகம். ஆறாம் நாள், மோப்ப நாய்களின் துணையோடு மீட்புக் குழு ஏறத்தாழ 30 அடி தோண்டிய பிறகு, தார்வாட் மாவட்டம் பெட்டதூரைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு கிடைத்தார். காற்று தங்க ஓர் இடைவெளி அவருக்கு வாய்த்திருந்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார்.

மலைச்சரிவில் பனி அடுக்கடுக்காகச் சேர்கிறது, பரோட்டா மாதிரி. பருவத் தொடக்கத்தில் கொஞ்சம் பனி விழுந்து, பிறகு பல நாள் வானம் வெளுத்துக் கடுங்குளிர் அடித்தால் வினை தொடங்குகிறது. தரையில் இன்னும் சூடு இருக்கும்; மேலே உறைகுளிர். கீழிருந்து நீராவி மேலேறி, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்களாக மாற்றிவிடுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரை போல உதிரும். அதன் மேல்தான் அடுத்த பனிப்பொழிவும், காற்று அடித்துக் குவித்த கெட்டிப் பலகையும் வந்து உட்காருகின்றன.

வீட்டிலேயே பார்க்கலாம். தட்டில் ரவையைப் பரப்பி, மேலே காய்ந்த சப்பாத்தி ஒன்றை வைத்து மெல்லச் சாயுங்கள். சற்று நேரம் ஒன்றும் ஆகாது. பிறகு சப்பாத்தி மொத்தமாக வழுக்கும். மலையில் 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. அதைவிடச் செங்குத்தானால் பனி பெரிதாகச் சேர்வதற்குள் சிறுசிறிதாக உதிர்ந்துவிடும்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. குரலுக்கு அந்த வலு கிடையாது, ஆளின் எடைக்கு உண்டு. உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது சிக்கியவரோ, அவரோடு வந்தவரோதான். முன்னறிவிப்பும் கிடைப்பதுண்டு: காலடியில் ‘பொம்’ என்று அடித்தொண்டையில் உறுமுவது போல ஓர் ஓசை, பாதத்திலிருந்து பாய்ந்தோடும் விரிசல், முந்தைய நாள் பெய்த கனத்த பனி, திடீர் வெயில்.

தேர்ந்தவர்களும் தப்புவதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. அப்போது 27 உடல்கள் கிடைத்தன, இருவர் காணாமல் போயினர். இறந்தவர்களில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் ஒருவர். அதே ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்டிலும் மகாலுவிலும் 16 நாள் இடைவெளியில் ஏறியிருந்தார்.

ஓடும்போது மாவாக இருக்கும் பனி, நின்றதும் சிமெண்டாக இறுகிவிடும். விரலைக்கூட அசைக்க முடியாது. மூச்சுக்காற்றே முகத்தின் முன் உறைந்து அடைக்கும். முதல் பத்து நிமிடத்தில் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர்தான். ஹெலிகாப்டர் வருவதற்குள் அந்த அரை மணி போய்விடும். ஆகவே மீட்க வேண்டியது பக்கத்தில் நடந்துவந்தவரே. அதற்கு மூன்று பொருள்கள்: 457 கிலோஹெர்ட்ஸில் சைகை அனுப்பி வாங்கும் சிறு கருவி, பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கம்பி, மண்வாரி. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். தலைவரிடம் மட்டும் இருந்தால், தலைவர் புதைந்தால் என்ன செய்வது?

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் சண்டிகர் ஆய்வகம் இமயமலைப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. குளிர்காலப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் முன், ஏற்பாட்டாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: அந்த எச்சரிக்கையைத் தினமும் பார்க்கிறீர்களா? இந்த மூன்று பொருளும் என் பையில் இருக்குமா?