தீம் பார்க் ஃபாஸ்ட் பாஸ்: எந்த நாளில் லாபம், எந்த நாளில் வீண்? கரமனையிலிருந்து ஒரு கணக்கு

தைப்பொங்கலன்று கரமனையில் லீவு. எர்ணாகுளத்தில் லீவு கிடையாது.

கேரளத்தில் பொங்கலுக்கு உள்ளூர் விடுமுறை விடப்படுவது திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு ஆகிய 6 மாவட்டங்களில்தான். கொச்சியில் அன்று ஆபீஸ் நடக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். பொங்கல் வார நாளில் வந்தால், கொச்சி பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லாவின் வாசலில் உள்ளூர்க் கூட்டம் குறையும். தீம் பார்க் ஃபாஸ்ட் பாஸ் பற்றிய கட்டுரையில் பஞ்சாங்கம் எதற்கு என்று கேட்கிறீர்களா? அந்த பாஸ் விற்பது நேரத்தை. நேரம் எந்த நாளில் மலிவு என்று தெரிந்துகொண்டால், பாதிப் பயணங்களுக்கு பாஸே தேவைப்படாது.

பாஸ் வாங்கினால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

எல்லா பார்க்கிலும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு வகை உண்டு, இதைக் குழப்பிக்கொண்டால்தான் பணம் போகும்.

முதல் வகை தனி வரிசை. வொண்டர்லாவின் ஃபாஸ்ட்ராக், யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரின் எக்ஸ்பிரஸ் எல்லாம் இந்த ரகம். நேரம் குறிக்க வேண்டாம். போனவுடன் பக்கத்தில் இருக்கும் குட்டி வரிசையில் நுழையலாம். இதிலேயே சிங்கப்பூரில் இரண்டு விலை: ஒரு ரைடுக்கு ஒரு முறை மட்டும் என்பது ஒன்று, எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம் என்கிற 'அன்லிமிடெட்' இன்னொன்று.

இரண்டாவது வகை நேர முன்பதிவு. திருப்பதி 300 ரூபாய் சிறப்பு தரிசன டிக்கெட் எடுத்திருந்தால் உங்களுக்கு இது புதுசில்லை. இந்த ரைடுக்கு இந்த நேரத்தில் வா, அதுவரை வேறு வேலையைப் பார் என்பதுதான் ஏற்பாடு. டிஸ்னி 1999-ல் ஃபாஸ்ட்பாஸ் என்று இலவசமாகத் தொடங்கியது. 2021-ல் அதை நிறுத்திவிட்டுக் கட்டண முறைக்கு மாறியது. இன்று அதன் பெயர் லைட்னிங் லேன்.

முதல் வகைக்குத் திட்டம் பெரிதாக வேண்டாம். இரண்டாவது வகையில் திட்டம்தான் எல்லாம்.

அந்த நேரம் எங்கிருந்து வருகிறது?

ஒரு ரைடில் 24 சீட் என்று வைத்துக்கொள்வோம். 2 நிமிடத்துக்கு ஒரு தடவை கிளம்புகிறது. மணிக்கு 720 பேர் ஏறலாம். உங்களுக்கு முன்னால் 360 பேர் நின்றால் அரை மணி நேரக் காத்திருப்பு.

இப்போது பக்கத்து பாஸ் வரிசையிலும் ஆள் வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 16 சீட்டை அவர்களுக்குக் கொடுக்கிறார்கள். பொது வரிசைக்கு மிஞ்சுவது 8 சீட். அதே 360 பேர் ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். ரைடு அதே வேகத்தில்தான் ஓடுகிறது, புதிதாக ஒரு சீட் கூட முளைக்கவில்லை. பாஸ்காரர் நின்று களைப்பதும் இல்லை என்பதால் அதே ரைடுக்குத் திரும்பத் திரும்ப வருவார். அவர் மிச்சம் பிடித்த நிமிடங்கள் பக்கத்து வரிசையில் நிற்பவருடையவை. பார்க் நிறுவனம் பாஸை எத்தனை பேருக்கு விற்கிறது என்பது அதனால்தான் முக்கியமான எண். வாங்காதவரின் நாள் எப்படி இருக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. எந்த டிக்கெட் பக்கத்திலும் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை.

இந்தக் கணக்கிலிருந்து உங்களுக்கு ஒரு உபயோகம் உண்டு. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களை விழுங்கும் அலைக்குளத்துக்கும் ரெயின் டான்ஸுக்கும் பாஸ் எதற்கு? சீட் குறைவாக, பெல்ட் மாட்டிச் சரிபார்க்கவே நேரம் எடுக்கும் ரைடுகளில்தான் அது வேலை செய்யும். பாஸில் எந்தெந்த ரைடு அடக்கம் என்ற பட்டியலைத் திறந்து, அப்படிப்பட்டவை எத்தனை என்று எண்ணுங்கள். 3 அல்லது 4-க்கு மேல் தேறவில்லை என்றால் விட்டுவிடலாம்.

வாங்கலாமா, வேண்டாமா?

விலை நாளுக்கு நாள் மாறும் என்பதால் ஒரு மாதிரி எண்ணை வைத்துப் போடுவோம். சாதாரண டிக்கெட்டைவிட பாஸ் டிக்கெட் ஆளுக்கு 1,000 ரூபாய் கூடுதல். நீங்கள் அதில் ஏறப்போவது 6 பெரிய ரைடுகள்.

கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை: ஒரு ரைடுக்கு 10 நிமிடம் மிச்சம், மொத்தம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் கொடுத்த விலை 1,000 ரூபாய். ஓணம் லீவில் வரும் ஞாயிறு: ரைடுக்கு 40 நிமிடம் மிச்சம், மொத்தம் 4 மணி நேரம். மணிக்கு 250 ரூபாய். அதே பாஸ், நாலில் ஒரு பங்கு விலை. உங்கள் ஒரு மணி நேரம் எவ்வளவு என்பதை உங்கள் சேலரி ஸ்லிப்பை வைத்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஆனால் நாலு பேர் போகும்போது அது 4,000 ரூபாய். இங்கேதான் பலரும் 'ரெண்டு பேருக்கு மட்டும் எடுக்கலாம்' என்று ஒரு சமரசத்துக்கு வருகிறார்கள். அதைவிட மோசமான வாங்கல் கிடையாது. பாஸ் உள்ள இருவரும் 10 நிமிடத்தில் இறங்கி, மற்ற இருவருக்காக வெளியே ஒரு மணி நேரம் நிற்பார்கள். எல்லாருக்கும், இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு. வொண்டர்லாவில் 85 செ.மீ முதல் 140 செ.மீ உயரம் வரை குழந்தை டிக்கெட். வயது கணக்கில்லை, உயரம்தான். பெரிய ரைடுகள் பலவற்றில் குள்ளமான பிள்ளைகளை ஏற்றவே மாட்டார்கள். வீட்டுச் சுவரில் அளந்து பார்த்துவிட்டு பாஸ் எடுங்கள்.

பாஸ் இல்லாமலே வரிசையைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. பார்க் திறந்ததும் முதல் ஒரு மணி நேரம்தான் இலவச ஃபாஸ்ட் பாஸ். கூட்டம் லாக்கர் எடுத்து, உடை மாற்றி, வாசலுக்குப் பக்கத்து ரைடில் தேங்கும். நீங்கள் நேராகக் கடைசிக்குப் போய், பெரிய ரைடிலிருந்து ஆரம்பித்துத் திரும்பி வாருங்கள். கரமனையிலிருந்து கொச்சி 200 கி.மீ என்பதால் இது சொல்வது சுலபம். காலை வந்தே பாரத்தைப் பிடித்தால் எர்ணாகுளத்துக்குச் சுமார் 3 மணி நேரம். திறக்கும் நேரத்துக்குப் போய்விடலாம். காரில் 'மெதுவா கிளம்பலாம்' என்றால் அந்த மணி நேரம் கொல்லம் தாண்டும்போதே கரைந்துவிடும்.

அடுத்தது பஞ்சாங்கம். பொங்கலில் ஒரு சிக்கல்: தமிழ்நாட்டில் தொடர் லீவு என்பதால் அங்கிருந்து வேன் வேனாக வருவார்கள். அதைவிட நல்ல நாள் ஆற்றுக்கால் பொங்காலை. அன்று உள்ளூர் விடுமுறை திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு மட்டும்தான். (கோயிலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, தெருவெல்லாம் அடுப்பு மூட்டிய நாளில் ரோலர்கோஸ்டருக்குக் கிளம்புகிறேன் என்று அம்மாவிடம் சொல்லும் தைரியம் வேண்டும்.) மறுபுறம், ஓணம் விடுமுறை நாட்களில் கேரள பார்க்குகள் நிரம்பி வழியும்போது சென்னையில் பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும், திருவோணத்தன்று மட்டும் சில மாவட்டங்களுக்கு உள்ளூர் லீவு விடுவதுண்டு. திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா சென்னைக்கு அதுவே நல்ல சமயம். டெக்னோபார்க்கில் உங்கள் கம்பெனி இந்த லீவுகளையெல்லாம் விடுமா என்பது எச்ஆரிடம் கேட்க வேண்டிய கேள்வி.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பார்க் என்றால்?

சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி போகிற பக்கத்தில் டிரீம் வேர்ல்ட், சில்வர் ஸ்டார்ம் என்று இரண்டு. அபுதாபி யாஸ் தீவில் ஃபெராரி வேர்ல்ட், யாஸ் வாட்டர்வேர்ல்ட், வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், சீவேர்ல்ட் என்று நாலு. வளைகுடாவில் அண்ணனோ மச்சானோ இல்லாத வீடு இந்த ஊரில் குறைவு என்பதால், அதிரப்பள்ளியைப் போலவே யாஸ் தீவும் பலருக்குப் பக்கத்து ஊர்தான்.

இங்கே நினைவில் வைக்க வேண்டியது, நுழைவு டிக்கெட்டும் வரிசை பாஸும் வேறு வேறு. யாஸ் தீவில் பல பார்க்குக்குச் சேர்த்துக் கூட்டு டிக்கெட் கிடைக்கும். ஆனால் குயிக் பாஸை அந்தந்த பார்க்குக்கு என்று தனியாக எடுக்க வேண்டும். சாலக்குடியிலோ இரண்டும் தனித்தனி நிறுவனங்கள், டிக்கெட்டே தனித்தனி.

ஒரே நாளில் இரண்டு பார்க் என்றால் ஒன்றுக்கு மட்டும் பாஸ் எடுங்கள், அதுவும் இரண்டாவதாகப் போகும் பார்க்குக்கு. முதல் பார்க்கில் காலைக் கூட்டம் குறைவு, பாஸ் இல்லாமலே சமாளிக்கலாம். மதியம் இரண்டாவது பார்க்குக்கு நீங்கள் போய்ச் சேரும்போது வரிசை உச்சத்தில் இருக்கும், உங்களிடம் மிச்சம் நேரமும் குறைவு. அங்கேதான் பாஸ் காசுக்கு வேலை செய்யும். மனக்கணக்கில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், காரணம் காலையில் உற்சாகம் அதிகம்.

நேர முன்பதிவு வகையில் விதி மாறும். ஃப்ளோரிடா டிஸ்னியில் லைட்னிங் லேன் மல்ட்டி பாஸ் எடுத்தால் முதல் 3 ரைடுகளை முன்கூட்டியே குறிக்கலாம், மூன்றும் ஒரே பார்க்கில் இருக்க வேண்டும். ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததைப் போனிலேயே பதியலாம். பார்க் ஹாப்பர் டிக்கெட் இருந்தால் அது பக்கத்து பார்க்கிலும் இருக்கலாம். அதனால் அந்த மூன்றையும் காலையிலேயே வருகிற மாதிரி குறித்துவிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் அவை தீர்கின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் பக்கத்து பார்க்கின் மாலை நேரங்கள் உங்களுக்குத் திறக்கும். முதல் பதிவையே மதியம் 2 மணிக்கு வைத்தால் பாதி நாள் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தனியாகவோ, பிரிந்து உட்காரத் தயாரான நண்பர்களோடோ போனால் சிங்கப்பூரில் பாஸே வேண்டாம். யூனிவர்சலில் சில ரைடுகளுக்கு 'சிங்கிள் ரைடர்' வரிசை இருக்கிறது. ஜோடிகள் உட்கார்ந்த பிறகு காலியாக நிற்கும் ஒற்றை சீட்டுகளை அதில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். காசு கிடையாது.

மழைக்காலத்தில் போகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்: மழை, மின்னல், பழுது என்று ரைடு நின்றால் பாஸுக்கு என்ன ஆகும்? பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றுவார்களா, ஒன்றும் இல்லையா? திறந்தவெளி ரைடுகளை இடி மின்னலில் உடனே நிறுத்திவிடுவார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜூனில் போவதாக இருந்தால் பாஸை ஒரு வாரம் முன்பே ஆன்லைனில் எடுக்காதீர்கள். அன்று காலை வானத்தைப் பாருங்கள், கவுன்டரிலும் விற்கிறார்களா என்று முதல் நாளே போன் செய்து கேட்டு வையுங்கள்.