சமையலறைப் புதுப்பிப்பு: அலமாரிக்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

புதுதில்லி: அலமாரியின் நிறம், மேடைக் கல்லின் பளபளப்பு, ஓசையின்றி மூடும் இழுப்பறை. சமையலறையைப் புதுப்பிக்கும் திட்டம் பெரும்பாலான வீடுகளில் இவற்றைப் பற்றிய பேச்சுடனேயே தொடங்குகிறது. ஆனால், பணி முடிந்த சில மாதங்களில் எழும் குறைகள் வேறு வகையானவை. தாளிக்கும் நெடி படுக்கையறை வரை பரவுகிறது. பாத்திரம் துலக்குபவருக்கு இடுப்பு வலிக்கிறது. சிங்குக்குக் கீழுள்ள பலகை ஊறி உப்புகிறது.

வடிவமைப்புக்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் இவற்றில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கலாம். புகையும் நீராவியும் எவ்வழியே வெளியேறும்? எரிவாயு கசிந்தால் அது எங்கே தேங்கும்? மேடையின் உயரம் யாருடைய உடலுக்குப் பொருந்தும்? மலையோர மரவீடு முதல் மாநகர அடுக்குமாடி வரை, வீட்டின் வகைக்கேற்ப விடைகள் மாறும், கேள்விகள் மாறுவதில்லை.

இவை முக்கியத்துவம் பெறக் காரணம் உண்டு. மத்திய புள்ளியியல் அமைச்சகத்தின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அவ்வேலைகளில் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். வீட்டினுள் எரிபொருள் புகையால் ஏற்படும் காற்று மாசு, 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேரின் உயிரிழப்புக்குக் காரணமானதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. சமையலறையில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் அங்கே நாள்தோறும் நிற்பவரின் உடல்நலத்தைத் தொடுகிறது.

மரபு வீடுகள் தந்த விடைகள்

இந்தியாவின் மரபுவழி வீடுகள் இக்கேள்விகளுக்கு அந்தந்த நிலத்துக்கேற்ற விடைகளை வைத்திருந்தன. இமாச்சலப் பிரதேசத்தில் மரத்தையும் கல்லையும் மாறி மாறி அடுக்கிக் கட்டப்படும் காட்-குனி வீடுகளில், கீழ்த்தளம் கால்நடைகளுக்கும் மேல்தளம் மனிதர்களுக்கும் உரியது. அடுப்பு மேல்தளத்தில் அமைவதால் புகை கூரை வழியே வெளியேறுகிறது. லடாக்கில் சமையலறையே வீட்டின் முதன்மை அறை. கடுங்குளிர் மாதங்களில் குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றியே வாழ்கிறது. நாகாலாந்தின் கிராம வீடுகளில் புகைக்கும் ஒரு வேலை உண்டு. அடுப்புக்கு மேலே தொங்கவிடப்பட்ட தட்டிகளில் இறைச்சி புகையூட்டிப் பதப்படுத்தப்படுகிறது. கேரளத்தின் நாலுகெட்டு வீடுகளில் சமையலறை கிணற்றை ஒட்டியே அமைக்கப்பட்டதால், தண்ணீர் சுமக்கும் தொலைவு குறைந்தது.

இத்தகைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது நேரும் பொதுவான பிழை, பழைய விடையை அகற்றிவிட்டு மாற்று ஏற்பாடு செய்யாமல் விடுவதாகும். ஓடுகளின் இடைவெளியில் வெளியேறிய புகை, கான்கிரீட் தளம் போட்டதும் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. விறகடுப்பு தொடர்ந்து எரியப் போகிறது என்றால், தளம் போடும்போதே புகைபோக்கியைக் கூரைக்கு மேல் உயர்த்திக் கட்டிவிட வேண்டும். பின்னர் தளத்தைத் துளைப்பது செலவையும் நீர்க்கசிவையும் ஒருசேரக் கொண்டுவரும்.

ஜன்னலை விழுங்கும் அலமாரி

நகர வீடுகளில் முதல் கேள்விக்கான அடிப்படை விடையைத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 தருகிறது. அதன்படி, தனிச் சமையலறையின் பரப்பு 5 சதுர மீட்டருக்கும் அகலம் 1.8 மீட்டருக்கும் குறையக் கூடாது. உணவருந்தும் இடமும் சேர்ந்ததாயின் பரப்பு 7.5 சதுர மீட்டராகவும் அகலம் 2.1 மீட்டராகவும் இருக்க வேண்டும். திறந்தவெளியை நோக்கிய ஜன்னல் அல்லது திறப்பு குறைந்தது 1 சதுர மீட்டர் இருத்தல் அவசியம்.

கட்டுநர் கட்டித் தரும்போது இருக்கும் இந்த ஜன்னல், புதுப்பிப்பின்போதே பெரும்பாலும் பறிபோகிறது. மேல் அலமாரிகளுக்கு இடம் வேண்டி ஜன்னலில் பாதி மறைக்கப்படுகிறது. சலவை இயந்திரம் வைப்பதற்காகச் சமையலறையை ஒட்டிய சிறு பால்கனிக்குக் கண்ணாடி அடைப்பு போடப்படுகிறது. மின்சார சிம்னி பொருத்திவிட்டால் ஜன்னல் தேவையில்லை என்று கருதுவோரும் உண்டு. அது தவறான கணக்கு. சிம்னி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாகப் புதிய காற்று உள்ளே வர வழி இல்லாவிட்டால், எத்தனை விலையுயர்ந்த சிம்னியாலும் புகையை முழுமையாக இழுக்க இயலாது.

சிம்னியிலும் இரண்டு வகைகள் உள்ளன. குழாய் வழியே புகையை வெளியே அனுப்புவது ஒரு வகை. வடிகட்டிய காற்றை மீண்டும் அறைக்குள்ளேயே விடுவது மற்றொரு வகை. இது எண்ணெய்ப் பிசுக்கையும் நெடியையும் ஓரளவு குறைக்குமே தவிர, வெப்பத்தையும் ஈரத்தையும் வெளியேற்றாது. குழாய் உள்ள சிம்னியானாலும், குழாய் குட்டையாகவும் வளைவுகள் குறைவாகவும் இருந்தால்தான் அதன் ஆற்றல் வீணாகாது. எனவே, அடுப்பின் இடத்தை வெளிச்சுவரை ஒட்டித் தீர்மானித்த பிறகே அலமாரிகளை வரைய வேண்டும். ஆனால், அடுப்பை ஜன்னலுக்கு நேர்எதிரே வைப்பதும் கூடாது. காற்று வீசிச் சுடர் அணைந்தால் எரிவாயு தொடர்ந்து வெளியேறும். ஜன்னலுக்குக் கீழே சிங்க், அதன் பக்கவாட்டில் அடுப்பு என்ற ஏற்பாடு பாதுகாப்பானது.

எரிவாயு எங்கே தேங்கும்?

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது தரையை ஒட்டியே பரவி, தாழ்வான மூலைகளில் தேங்கும். ஆகையால் சிலிண்டர் வைக்கும் அலமாரியின் கதவில், அடிப்பகுதியிலேயே காற்றுத் துளைகள் இருக்க வேண்டும். முழுவதும் அடைத்த அழகான அலமாரிக்குள் சிலிண்டரை வைப்பது ஆபத்தை ஒளித்து வைப்பதற்கு ஒப்பாகும். சிலிண்டர் நிமிர்ந்த நிலையிலும், அடுப்பு அதைவிட உயரமான மேடையிலும் இருக்க வேண்டும். இணைப்புக் குழாயை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

குழாய் வழியே வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயுவின் தன்மை இதற்கு நேர்மாறானது. அது காற்றைவிட இலேசானது. கசிந்தால் மேல்நோக்கி எழுந்து கூரையருகே சேரும். சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறும் குடும்பங்கள், கீழே இருந்த காற்றுத் துளை மட்டும் இனிப் போதாது என்பதையும், கூரையை ஒட்டிய திறப்பு இன்றியமையாதது என்பதையும் உணர வேண்டும். எந்த வகையானாலும், நெடி வந்தால் மின்விசைகளை இயக்காமல், வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறப்பதே முதல் வேலை. சிலிண்டர் எரிவாயுக் கசிவைத் தெரிவிக்க 1906 என்ற அவசர உதவி எண் நாள் முழுவதும் செயல்படுகிறது.

மின் அடுப்புக்கு மாறுவோர் வேறொரு கணக்கைப் போட வேண்டும். 2,000 வாட் திறனுள்ள இண்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. மிக்சிக்கென அமைத்த பழைய 6 ஆம்பியர் செருகியில் அதை இணைக்கக் கூடாது. சுவர் ஓடுகள் பதிக்கும் முன்பே 16 ஆம்பியர் செருகிக்குத் தனி மின்வயர் இழுத்துவிடுவது நல்லது.

மேடையின் உயரம் யாருக்காக?

இன்று மாடுலர் கிச்சன் என அழைக்கப்படும் அமைப்பின் முன்னோடி, 1926-இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி உருவாக்கிய ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை ஆகும். ரயிலின் உணவுப் பெட்டியைப் போல, குறுகிய இடத்தில் எல்லாப் பொருள்களும் கைக்கெட்டும் வகையில் அது திட்டமிடப்பட்டது. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் நிறுவப்பட்டது. ஒருவர் மட்டும் நின்று வேலை செய்வதற்கான அளவு அது. இட்லிப் பானையும் கிரைண்டரும் பெரிய குக்கரும் புழங்கும், இருவர் மூவர் சேர்ந்து சமைக்கும் இந்திய வீடுகளுக்கு அதை அப்படியே பொருத்த இயலாது.

ஆயத்த அலமாரிகள் ஒரே உயரத்தில் வருகின்றன. சமைப்பவர்கள் அப்படி இல்லை. நின்று காய் நறுக்கும் மேடை, முழங்கையின் உயரத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் தோளுக்கும் இடுப்புக்கும் சுமை குறையும். முழங்கை 95 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ளவருக்கு 80 முதல் 85 சென்டிமீட்டர் மேடை போதும். அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேடைக்கு மேல் கூடுவதால், அடுப்புப் பகுதியைச் சற்றுத் தாழ்த்தலாம். சிங்கில் கைகள் தொட்டியின் அடிவரை இறங்குவதால் அதைச் சற்று உயர்த்தலாம். மேடைக் கல் பதிக்கும் நாளுக்கு முன், அங்கே அதிக நேரம் நிற்கப் போகிறவரை நிற்கவைத்து அளவெடுக்க வேண்டும். செலவே இல்லாத இந்தச் செயல்தான் மிகுதியாக மறக்கப்படுகிறது.

எந்தச் சுவரை இடிக்கலாம்?

வரவேற்பறையுடன் இணைந்த திறந்த சமையலறையை அடுக்குமாடி வீடுகளில் பலர் விரும்புகின்றனர். தூண்களும் உத்திரங்களும் தாங்கும் கட்டடத்தில், இடையிலுள்ள செங்கல் சுவரை அகற்ற வாய்ப்பு உண்டு. ஆனால், அலுமினிய அச்சுகளில் கான்கிரீட் வார்த்து எழுப்பப்படும் புதிய கட்டடங்களில் சுவர்களே சுமையைத் தாங்குகின்றன. தூண்கள் இல்லாத பழைய செங்கல் வீடுகளிலும் அதே நிலைதான். அங்கு ஒரு சுவரை இடிப்பது மேல்தளங்களில் வசிப்பவர்களின் பாதுகாப்பையும் பாதிக்கும். எனவே, கட்டமைப்புப் பொறியாளரின் ஆய்வும் குடியிருப்போர் சங்கத்தின் ஒப்புதலும் இன்றிச் சுவரில் கைவைக்கக் கூடாது. சிங்கை வேறிடத்துக்கு மாற்றினாலும் கழிவுநீர்க் குழாயின் சரிவு கெடுவதுடன், கீழ்வீட்டின் கூரையில் நீர் கசியக்கூடும்.

கடுகும் மிளகாயும் நாள்தோறும் தாளிக்கப்படும் வீட்டில், திறந்த அமைப்புக்கு ஒரு நடுவழி உண்டு. சுவர் இருந்த இடத்தில் நகரும் கண்ணாடிக் கதவை அமைத்தால், வெளிச்சமும் உரையாடலும் தொடரும். தாளிக்கும் நேரத்தில் மட்டும் மூடிக்கொள்ளலாம்.

சுவரே இல்லாத வீடுகளின் சிக்கல் வேறு. மும்பையில் 1920-களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால் குடியிருப்புகளில் ஒரு குடும்பத்தின் அறை வெறும் 160 சதுர அடி. அதற்குள்ளேயே சமையல், படுக்கை, படிப்பு அனைத்தும் நடந்தன. இத்தகைய ஓரறை வீடுகளில் ஒரே சுவரை ஒட்டிய மேடையே பொருத்தமானது. பொருள் வைக்கும் இடம், சிங்க், நறுக்கும் இடம், அடுப்பு என வேலையின் வரிசையிலேயே அவற்றை அமைத்தால் வீண் நடை குறையும். கதவுக்கு அருகில் அடுப்பு இராமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். தீ பற்றினால் வெளியேறும் ஒரே வழி அதுதான்.

அடுப்பு மாறியது, அறை மாறவில்லை

கிராமப்புறங்களில் மாற்றம் எரிபொருளிலிருந்து தொடங்கியது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் கீழ் 10 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பட்டுள்ளன. எனினும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய்மையான சமையல் எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 89.7 சதவீதம், கிராமப்புறத்தில் 43.2 சதவீதம் மட்டுமே. எரிவாயுவும் விறகும் அருகருகே எரியும் வீடுகள் ஏராளம்.

அத்தகைய வீடுகளில் மாடுலர் அலமாரியைவிட ஒரு சிமெண்ட் மேடை பயனுள்ளது. தரையில் வைத்த எரிவாயு அடுப்பை மேடைக்கு உயர்த்துவது, விறகடுப்பைச் சிலிண்டரிலிருந்து விலக்கித் தாழ்வாரத்துக்கு மாற்றுவது, சுவரின் மேலும் கீழும் ஒவ்வொரு திறப்பு விடுவது ஆகிய மூன்றையும் உள்ளூர்க் கொத்தனாரே செய்துவிட முடியும். பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டமும், வீட்டின் குறைந்தபட்சப் பரப்பான 25 சதுர மீட்டருக்குள் தூய்மையான சமையல் இடம் இருக்க வேண்டும் என வகுத்துள்ளது.

செலவின் வரிசை

பணம் குறைவாக உள்ள இடத்தில் வரிசையே முக்கியம். காற்றோட்டம், எரிவாயு மற்றும் மின் இணைப்புகள், கழிவுநீர்க் குழாய், மேடையின் உயரம் ஆகியவற்றுக்கு முதலில் செலவிட வேண்டும், பிறகே அலமாரி. அதிலும், ஈரம் படும் சிங்க் பகுதிக்கு மட்டுமாவது ஐ.எஸ். 710 தரக்குறியீடு பெற்ற நீர்தாங்கும் பிளைவுட்டைத் தேர்வு செய்யலாம், அல்லது மரமே இன்றிக் கடப்பா கல் பலகைகளைப் பதிக்கலாம். உலர்ந்த பகுதிகளுக்கு விலை குறைந்த பலகையே போதுமானது.

அலமாரியின் கதவை எந்த ஆண்டிலும் மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் செய்த பிழையைத் திருத்த, புதிய சமையலறையை மீண்டும் உடைக்க வேண்டியிருக்கும்.