மொட்டைமாடிக்கு மேலே யார் வானம்?

கோவளத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முகூர்த்த நாள் வந்தால் பக்கத்து ரிசார்ட்டின் கல்யாண டிரோன் இவர் மொட்டைமாடிக்கு மேல் வந்து நிற்கிறதாம். "துணி உலர்த்தக்கூடப் போக முடியவில்லை. என் வீட்டு வானம் என்னுடையதில்லையா?"

கொஞ்சம் உங்களுடையதுதான். அதைச் சொல்ல வைத்தவை கோழிகள்.

நிலம் யாருடையதோ வானமும் அவருடையதே என்பது பழைய ஆங்கிலேயச் சட்ட மரபு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்பி என்பவரின் கோழிப்பண்ணைக்கு மேல், 83 அடி உயரத்தில், ராணுவ விமானங்கள் தரையிறங்கப் பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதியே செத்தன; சுமார் 150 போயின. தொழிலையே விட்டுவிட்டார் மனிதர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1946-இல் தீர்ப்பு வந்தது: உயரத்து வானம் பொதுவழி, ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான தாழ்ந்த வெளி நிலக்காரருடையது. அது எத்தனை அடி என்று நீதிபதிகள் வரையறுக்கவில்லை. எங்கள் கொல்லைக்குள் நீண்ட அடுத்த வீட்டு முருங்கைக் கிளையை அப்பா கேட்டு வெட்டச் சொன்னாரே, அந்த உயரம் நிச்சயம் அதில் சேரும்.

நம் பழைய 1934 விமானச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் இதே போக்கில்தான் இருந்தது. நியாயமான உயரத்தில் பறந்தால், பறந்ததற்காக மட்டும் அத்துமீறல் வழக்குப் போட முடியாது என்றது. மாடிக்கு மேல் சில அடியில் அசையாமல் நிற்பதை நியாயமான உயரம் என்று எப்படிச் சொல்வது?

2021 டிரோன் விதிகள் கல்பாக்கம் அணுமின் நிலையத்தையும் தாம்பரம் விமானப்படைத் தளத்தையும் சிவப்பு மண்டலமாக்கிக் காக்கின்றன. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி வேண்டாம். வீட்டு முற்றத்தைப் பற்றி அவை பேசவில்லை. இதைப் பெரிய குறையாகவே நினைக்கிறேன். கோவளம் இருக்கும் இதே மாவட்டத்து வேடந்தாங்கல்காரர்கள் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. குடியிருக்கும் மனிதருக்கு அந்த அளவு கரிசனமாவது வேண்டாமா?

காசுக்குப் படமெடுப்பவர், டிரோன் 250 கிராமுக்கு மேலிருந்தால், விமானி சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். பெண்ணின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. கல்லெறிந்து வீழ்த்தாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். செல்போனில் நேரத்தோடு பதிவு செய்து, காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.