முழுமையான பாதி

கைகால் இல்லாத சிலையைப் பார்த்தால் உடைந்துபோனது என்றுதானே நினைப்போம்? சிற்பியே வேண்டுமென்று அப்படிச் செய்திருந்தால்?

ஜெர்மனியச் சிற்பி வில்ஹெல்ம் லேம்புருக் அப்படித்தான் செய்தார். அவர் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். 1910-இல் பாரிஸுக்குக் குடிபோன அவர், நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண்ணை முழு உருவமாக வடித்தார். அழகான சிலைதான். ஆனாலும் அவர் மனம் அதோடு நிற்கவில்லை. அதே உருவத்தைக் குறுக்கி, கைகால் இல்லாத பெண்ணுடலைத் தனிச் சிற்பமாக்கினார். வெண்கலத்தில் அதைப் பார்க்கும்போது கண் வேறெங்கும் போவதில்லை. தோளின் சரிவிலும் இடையின் வளைவிலுமே தங்கிவிடுகிறது. எதுவும் குறைவதாகவே தோன்றாது!

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் லேம்புருக் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் யார் தெரியுமா? அவருடைய மகன் மான்ஃபிரெட்!