சிலுவைக்கு இன்னொரு தோள்

1943ஆம் ஆண்டு கோடையில் பெர்லினின் டேகல் சிறையில் இருந்த கிறிஸ்தவர்களில் ஒருவர், சென்ற வாரம் நாம் பார்த்த டீட்ரிக் போன்ஹோஃபர். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை, இறையியல் அறிஞர், சீடத்துவம் பற்றி நூலே எழுதியவர். இன்னொருவர் கிராமப் பள்ளியோடு படிப்பை முடித்த ஆஸ்திரிய விவசாயி, ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர். இந்த வாரம் அவர் கதை. சொல்லப்போனால் அவர் மனைவியின் கதை.

பவேரிய எல்லையை ஒட்டிய சாங்க்ட் ராடகுண்ட் என்ற சிற்றூரில் 1907இல் பிறந்தவர் ஃபிரான்ஸ். இளமையில் பக்திமான் என்று யாரும் அவரைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊரில் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் வாங்கியவர். சண்டை என்றால் முன்னால் நிற்பவர். திருமணத்துக்கு முன்பே ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. 1936இல் ஃபிரான்சிஸ்காவை மணந்து, தேனிலவுக்கு ரோம் நகருக்குப் போய் வந்தார். அதன்பிறகு ஆளே மாறிப்போனார். கணவனும் மனைவியும் சேர்ந்து விவிலியம் வாசித்தார்கள். வயல் வேலைக்கு நடுவிலும் அவர் திருப்பலிக்குப் போனார். பின்னாளில் ஊர்க் கோயிலுக்குக் கோயில்பிள்ளையாகவும் ஆனார். பெண்டாட்டி பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போனான் என்று ஊர் பேசியது. கெட்டுப்போனதன் முதல் அடையாளம் 1938 ஏப்ரலில் தெரிந்தது. ஹிட்லரின் ஜெர்மனியோடு ஆஸ்திரியாவை இணைத்ததற்கு ஒப்புதல் கேட்ட வாக்கெடுப்பில், அந்த ஊரில் 'வேண்டாம்' என்று போட்டவர் அவர் ஒருவரே. ஊரே ஒருமனதாக ஆதரித்ததாக அறிவித்து அந்த ஓட்டை அதிகாரிகள் விழுங்கிவிட்டார்கள்.

ராணுவப் பயிற்சிக்குப் போய் வந்தவருக்கு ஒன்று தெளிவாகிவிட்டது: இந்தப் போரில் ஹிட்லருக்காக ஆயுதம் ஏந்துவது பாவம். 1943 பிப்ரவரியில் மறுபடியும் அழைப்பு வந்தது. போக மறுத்தால் மரண தண்டனை என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஒவ்வொருவராக வந்து புத்தி சொன்னார்கள். அவர் மதித்த பங்குத்தந்தையே மன்றாடிப் பார்த்தார். லின்ஸ் நகர ஆயரை அவரே நேரில் போய்ப் பார்த்தார்; அங்கும் அதே பதில்தான். "உனக்கு மனைவி இருக்கிறாள், மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்." மூத்தவளுக்கு அப்போது ஆறு வயதுகூட ஆகவில்லை.

இது லேசான வாதம் இல்லை. தாய் தந்தையையும் மனைவி மக்களையும் வெறுக்காதவன் தம் சீடனாக முடியாது என்று இயேசு சொல்வதாக லூக்கா எழுதும் இடத்தை நம் பிரசங்கிகளில் பலர் வேகமாகக் கடந்துவிடுவார்கள். கடக்காமல் அங்கேயே நின்றவர் யேகர்ஷ்டேட்டர். மனைவி மக்கள் இருப்பது கடவுளுக்கு எதிராகப் போக ஒருவனுக்குக் கொடுத்த அனுமதிச்சீட்டு ஆகாது என்பது அவர் எண்ணம். மருத்துவப் பணியாளராக வேண்டுமானால் சேவை செய்கிறேன் என்றார். ராணுவம் ஏற்கவில்லை.

ஃபிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் தடுத்துப் பார்த்தவர்தான். ஊர், உறவு, குருக்கள் எல்லாரும் ஒரு பக்கமாகத் திரண்டதைக் கண்டபிறகு அவர் கணவர் பக்கம் வந்தார். தானும் கைவிட்டால் அவருக்கு வேறு யார் இருந்தார்கள் என்று பிற்காலத்தில் கேட்டார். சீடத்துவம் பற்றி நான் வாசித்தவற்றில் இதற்கு இணையாக அதிகம் இல்லை. ஆயுதம் ஏந்த மறுத்த கணவர் சிறைக்குப் போனபின் உழவையும், மூன்று குழந்தைகளையும், கோயில்பிள்ளை வேலையையும் அந்தப் பெண்ணே சுமந்தார்.

ஜூலை 6 அன்று ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அடுத்த வாரம் ஃபிரான்சிஸ்கா பெர்லின் போனார். சுமார் 20 நிமிடச் சந்திப்பு. கூடப் போன இளம் குரு அந்த நேரத்திலும் மனம் மாற்றவே முயன்றார். ஆகஸ்ட் 9 மாலை பிராண்டன்பர்க் சிறையில் யேகர்ஷ்டேட்டரின் தலை துண்டிக்கப்பட்டது. அவருக்கு வயது 36.

குடும்பத்தைப் பார் என்று அவரிடம் சொன்னவர்கள் பிறகு அந்தக் குடும்பத்தை எப்படிப் பார்த்தார்கள்? இதுதான் எனக்கு ஆறாத இடம். போர் முடிந்தும் ஃபிரான்சிஸ்காவுக்கு விதவை ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஹிட்லரின் படையில் செத்தவர்களின் மனைவியருக்குக் கிடைத்தது. 1950இல்தான் அவருக்கும் கொடுத்தார்கள். புருஷனைச் சாவுக்கு அனுப்பியவள் என்ற பழியைச் சொந்தங்களே சுமத்தின. 1946இல் மறைமாவட்ட இதழில் யேகர்ஷ்டேட்டர் பற்றிய கட்டுரை வெளிவரவிருந்தபோது, அதே ஆயர் தடுத்தார். கடமையைச் செய்து போர்முனையில் மாண்ட வீரர்களே பெரியவர்கள் என்பது அவர் கணக்கு. ஆயரை வில்லனாக்க நான் விரும்பவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நிறைந்த மறைமாவட்டம் அது. ஒரு விவசாயி செய்தது சரி என்றால் மற்றவர்கள் செய்தது என்ன என்ற கேள்வி அங்கே எழும். அந்தக் கேள்வியை அடக்குவதற்கான விலையை ஒரு விதவையிடம் வசூலித்தார்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் சான் 1964இல் நூல் எழுதிய பிறகே வெளியுலகம் யேகர்ஷ்டேட்டரை அறிந்தது. 1997இல் பெர்லின் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. 2007 அக்டோபர் 26இல், அன்று குடும்பத்தைக் காட்டி அறிவுரை கிடைத்த அதே லின்ஸில், திருச்சபை அவரை அருளாளராக உயர்த்தியது. 94 வயது ஃபிரான்சிஸ்கா மகள்களோடு வந்திருந்தார். முப்பதில் விதவையானவர், நூறு வயது நிறைந்த சில நாள்களில், 2013 மார்ச்சில் காலமானார்.

டேகல் சிறையில் யேகர்ஷ்டேட்டருக்குப் பெரிய ஆறுதல் தந்தது ஒரு செய்தி. முந்தின ஆண்டு ஃபிரான்ஸ் ரெய்னிஷ் என்ற குருவும் ஹிட்லருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து இறந்தார் என்று சிறையின் ஆன்ம குரு சொன்னார். ரெய்னிஷ் பற்றி அடுத்த வாரம்.